டீச்சரக்காவின் புதிய குரல்

ஞாயிறு, மதியம்

எவ்வளவு தூரம் போனாலும் என் பேச்சிலிருந்து தப்பிக்க முடியாதவருக்கு,

வீட்டிலிருந்து அன்புடன் எழுதுகிறேன். இங்கே நான் நலம். வீடும் நலம், குளியலறைக் குழாய் மட்டும் பழையபடி சொட்டுகிறது. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அந்தத் தகர அறையில் இன்னும் நாலு பேர்தானா, இல்லை புதிதாக யாரையாவது கொண்டுவந்து திணித்துவிட்டார்களா?

கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் தட்டினால் எனக்கு இரண்டு வரிக்கு மேல் நகர்வதில்லை. அதற்கும் நீங்கள் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுக் கணக்கை முடித்துவிடுகிறீர்கள். அப்படி இல்லையென்றால் அடுத்த நிமிடமே அழைக்கிறீர்கள். தொண்டைக்கு ஓய்வு கொடு என்று டாக்டர் சொல்லியிருக்கும்போது நான் எப்படி எடுப்பது? கடிதம் என்றால் நீங்கள் திருப்பி அழைக்க முடியாது பாருங்கள். அதனால்தான் இந்த ஏற்பாடு.

ஆபரேஷன் தழும்பு நன்றாக ஆறிவிட்டது. கழுத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும் தெரிகிறது. கட்டியில் கெட்டது எதுவும் இல்லை என்று வந்த ரிப்போர்ட்டை அன்றைக்கே படம் எடுத்து அனுப்பினேனே, பார்த்தீர்கள் அல்லவா? குரலில்தான் கொஞ்சம் கரகரப்பு. சரியாகிவிடும் என்கிறார்கள்.

உங்கள் தங்கை வாரத்தில் பாதி நாள் இங்கேதான். பிளாஸ்கில் வெந்நீர் எடுத்துக்கொண்டு, நம் வீட்டில் அடுப்பே இல்லாததுபோல் பஸ் ஏறி வருகிறாள். தழும்பை உற்றுப் பார்த்துவிட்டு, "ஒரு செயின் போட்டா மறைஞ்சிடும் அண்ணி, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்றாள். நான் கவலைப்படுகிறேன் என்று அவளிடம் யார் சொன்னது? பிறகு அவளுடைய மாமியார் கதை, ஆபீஸ் கதை, லிஃப்டில் வரும்போது யாரோ முறைத்த கதை. அவள் ஒருத்தி பேசுவது எங்கள் இரண்டு பேருக்கும் தாராளமாகப் போதும். அவள் கிளம்பிக் கதவைச் சாத்தியதும்தான் வீடு எவ்வளவு பெரியது என்று தெரிகிறது.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். டார்ச்சுக்கு பேட்டரி வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனேன். வாயைத் திறந்து கேட்டேன். கடைக்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குனிந்து, "பெருசா, சின்னதா?" என்று என்னைவிட ரகசியமாகக் கேட்டார். நான் ஏதோ மறைத்துப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார்போல. பேட்டரியைக்கூடக் காகிதத்தில் சுற்றித்தான் கொடுத்தார். திருட்டுச் சாமான் வாங்கியவள்போல வீட்டுக்கு வந்தேன்.

வீடியோ போட்டு நாளாகிறது. ஆனால் கம்ப்யூட்டரில் படம் திருத்த என்னிடம் பாடம் கேட்பவர்கள் சும்மா இருப்பார்களா? தினமும் யாராவது கடைசி பெஞ்சிலிருந்து கை தூக்குகிறார்கள். "டீச்சரக்கா, பிரஷ் வட்டம் காணாம போச்சு, வெறும் பிளஸ் குறிதான் வருது, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சா?" என்று ஒருவர். கேப்ஸ் லாக்கை அணையுங்கள் என்று எழுதினேன். பத்து முறை கும்பிடு போட்டிருக்கிறார். இன்னொருவர் அழிப்பானால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் ஒன்றும் அழியவில்லையாம். தப்பான லேயரில் நின்றுகொண்டு தேய்த்தால் எப்படி அழியும்? ஒரு படத்தின் மேல் கண்ணாடித் தாள்களை அடுக்கியதுபோலத்தான் லேயர் என்று எத்தனை வீடியோவில் சொல்லியிருப்பேன்! கம்ப்யூட்டர் சென்டரில் வகுப்பு எடுத்த காலத்திலிருந்து இதே கேள்விதான், ஆட்கள்தான் வேறு. எல்லாவற்றுக்கும் தட்டச்சு செய்தே பதில் போடுகிறேன்.

இதற்கு நடுவில் ஒரு தையல்காரம்மா மாட்டியிருக்கிறார். சின்னப் பெண் குழந்தைகளுக்கு கவுன் தைத்துப் போன் வழியாக விற்கிறவர். கவுனை ஹேங்கரில் மாட்டிக் கதவில் தொங்கவிட்டுப் படம் எடுப்பார். பின்னால் கேஸ் சிலிண்டர், துடைப்பம், யாருடைய செருப்போ, எல்லாம் சேர்ந்து விழும். அதையெல்லாம் எடுத்துவிட்டுப் பின்பக்கம் வெள்ளையாக்க வேண்டுமாம். அவர் எழுதுவதே இல்லை, குரல் பதிவுதான். "அக்கா, பின்னாடிய வெட்டினா கவுன் கையும் சேந்து வெட்டுப்படுதுக்கா. இதுக்கு நெசக் கத்திரியே தேவலாம்" என்கிறார். கேட்டுவிட்டுச் சிரித்தேன். அவருக்குச் சீக்கிரம் ஒரு வீடியோ போட்டுக் காட்ட வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிரிக்கக் கூடாது. நேற்று சமைக்கும்போது என்னுடைய பழைய வீடியோக்களையே ஓடவிட்டேன். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடியது. வீட்டில் யாரோ இருக்கிறமாதிரி இருந்தது.

வெளியில் வேலை பார்க்கும்போது தலையில் துணி கட்டிக்கொள்ளுங்கள். இடுப்புப் பட்டையைப் போட வெட்கப்படாதீர்கள். போன் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வேண்டாம். கோபித்துக்கொள்ளாமல் இருங்கள், நல்லபடியாக இருங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி


வியாழன், காலை

என்மேல் கோபமாக இருப்பவருக்கு,

உங்கள் கோபம் ஆறுவதற்குள் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும் என்று எழுதுகிறேன். கோபத்தோடு படித்தால்தான் ஒரு வரிகூட விடாமல் படிப்பீர்கள்.

"ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கற. எனக்கு மட்டும் தொண்டை வலியா?" என்று நீங்கள் அனுப்பியது வந்தபோது நான் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். மேல் வீட்டுக்காரர் இறங்கி வந்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். செருப்பு வார் அறுந்துவிட்டதுபோல் காலைக் காட்டிச் சமாளித்தேன். நியாயமான கேள்விதான் கேட்டிருக்கிறீர்கள். புது வீடியோவில் என் குரல் மணிபோல இருக்கிறது. நீங்கள் அழைத்த எந்த அழைப்பையும் நான் எடுக்கவில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அந்தக் குரல் என்னுடையது இல்லை.

உங்கள் தங்கைதான் ஆரம்பித்து வைத்தாள். "அண்ணி, உங்க குரல்தான் அத்தனை வீடியோல கிடக்குதே. அதக் கம்ப்யூட்டர்கிட்ட குடுத்தா உங்கள மாதிரியே பேசுமாமே. எங்க ஆபீஸ்ல சொன்னாங்க" என்றாள். எனக்கும் அது தெரியாததில்லை. வெட்டி ஒட்டுவதுதானே என் தொழில்? பழைய பாடங்களைக் கொடுத்தேன். அது என் குரலைக் கற்றுக்கொண்டது. பிறகு நான் எழுதிக் கொடுத்ததையெல்லாம் வாசித்தது. கவுனைச் சுற்றிப் புள்ளி வைத்துப் பின்பக்கத்தை வெட்டி எடுப்பது எப்படி என்று அந்தத் தையல்காரம்மாவுக்காக ஒரு முழுப் பாடமும் அதை வைத்தே செய்து வெளியிட்டேன். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை, இருமவில்லை, மூச்சு வாங்கவில்லை. "டீச்சரக்கா திரும்பி வந்தாச்சு!" என்று வரிசையாக வந்து வாழ்த்தினார்கள். நானும் ஒவ்வொருவருக்கும் நன்றி எழுதினேன். அவர்களுக்கு வந்த சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன். நீங்கள் பார்ப்பீர்கள் என்று தோன்றவே இல்லை. என் பாடத்தையெல்லாம் நீங்கள் பார்ப்பவரா? வேலை முடிந்து படுக்கும்போது பார்ப்பேன் என்று உங்கள் தங்கையிடம் சொன்னீர்களாமே. என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். வேலை முடிந்தபிறகும் கம்ப்யூட்டரை மூட மனம் வரவில்லை. சும்மா ஏதாவது எழுதிப் பேசவைத்தேன். "இன்னைக்கு என்ன வெயில்!" என்றது. "குழாய் சொட்டுது, ஆள் வரச் சொல்லணும்" என்றது. எல்லாம் என் குரலில், நான் பேசுகிற அதே இழுப்போடு. நம் வீட்டில் பேச வேறு ஆளும் இல்லையா, எனக்குக் கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. கடைசியில், "ஏங்க, எப்ப வர்றீங்க?" என்று எழுதினேன்.

அது கேட்டது. என்னைவிட நன்றாகவே கேட்டது. கோபம் கொஞ்சம், குழைவு கொஞ்சம் என்று அளவாகக் கலந்து கேட்டது.

அதை அப்படியே உங்களுக்குக் குரல் பதிவாக அனுப்ப எடுத்து வைத்தேன். ஒரு அழுத்து அழுத்தினால் போதும், உங்கள் சந்தேகம் தீர்ந்திருக்கும். நீங்களும் பதில் சொல்லியிருப்பீர்கள். ஆனால் அந்தப் பதில் யாருக்கு வந்திருக்கும், சொல்லுங்கள்? அழித்துவிட்டேன். பாடத்தை அழிக்க மட்டும் அப்போது கை வரவில்லை.

இனி உள்ளதைச் சொல்கிறேன். டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, என் தொண்டையை எனக்கே திரையில் காட்டினார். உள்ளே இரண்டு வெள்ளை நாடாக்கள். பேசும்போது இரண்டும் வந்து சேர வேண்டுமாம். ஒன்று ஓடி ஓடி வருகிறது. மற்றது இருந்த இடத்திலேயே நிற்கிறது. நடுவில் உள்ள சந்து வழியாகக் காற்று போய்விடுகிறது. "யார் தப்பும் இல்லம்மா, ஆபரேஷன்ல அடிபட்ட அந்த நரம்பு ரொம்ப மெல்லிசு. சில பேருக்குத் தானா திரும்பும், சில பேருக்குத் திரும்பாது. பயிற்சி பண்ணுங்க, பார்ப்போம்" என்றார். சரியாகிவிடும் என்கிறார்கள் என்று போன கடிதத்தில் எழுதினேன் அல்லவா? அப்படிச் சொன்னது நான் ஒருத்திதான்.

பயிற்சிக்குப் போகிறேன். கண்ணாடி முன்னால் நின்று சுவரை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டே "ஆ" சொல்ல வேண்டும். பயிற்சி கொடுக்கும் பெண் ரொம்பப் பொறுமைசாலி. "வீட்ல யார்கிட்டயாவது தினம் பேசிப் பழகுங்க" என்றாள். தலையாட்டிவிட்டு வந்தேன்.

சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவீர்கள் என்று பயந்துதான் மறைத்தேன் என்று எழுத நினைத்தேன். எழுதிப் பார்த்தால் அது பாதி உண்மைதான். சொல்லியும் ஓடி வராமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பது மீதிப் பாதி.

தையல்காரம்மா விஷயத்தையும் கேளுங்கள். ஊரே பாராட்டிய அந்தப் பாடம் அவருக்கு மட்டும் பிடிபடவில்லை. விளக்கமாக எழுதி அனுப்பினேன். உடனே குரல் பதிவு வந்தது. "அக்கா, நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு வரி படிச்சு முடிக்கறதுக்குள்ள மவுச எங்க வெச்சேன்னு மறந்துடுது. வாயால சொல்லுங்களேன்" என்றார். மறுபடியும் கம்ப்யூட்டர் குரலிலேயே சொல்லி அனுப்பினேன். "கேட்டேன்க்கா. கடகடன்னு போகுது. நான் மரமண்டைக்கா, விட்டுடுங்க. கதவுல தொங்கறபடியே போட்டுக்கறேன்" என்றார். அந்த "விட்டுடுங்க" இருக்கிறதே, அது எனக்குப் பொறுக்கவில்லை. எத்தனையோ பேர் மவுஸை வைத்துவிட்டு அப்படி எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு திரும்பி வரவே மாட்டார்கள்.

பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு நானே பேசினேன். "முதல் புள்ளி... தோள்கிட்ட வைங்க" என்பதற்குள் காற்றெல்லாம் தீர்ந்துவிட்டது. அனுப்பிவிட்டு, தப்பு செய்துவிட்டோமோ என்று போனைத் தலையணைக்குக் கீழே வைத்தேன். பதில் வந்தது. "அய்யோ, உடம்பு முடியலையாக்கா?" என்று முதலில் ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. "இருங்க. வெச்சிட்டேன். அடுத்தது சொல்லுங்க."

அடுத்தது கைமடிப்பில் என்றேன். அதற்கடுத்தது லேஸ் ஓரத்தில், வளைவு வரும் இடத்தில் இழுத்துப் பிடியுங்கள் என்றேன். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மூச்சு. நான் மூச்சு வாங்குவதற்குள் அவர் புள்ளி வைத்துவிடுவார். மதியம் முழுக்க அப்படியே போனது. கடைசியில் ஒரு படம் வந்தது. சிலிண்டர் இல்லை, துடைப்பம் இல்லை, வெள்ளைப் பரப்பின் நடுவில் மஞ்சள் கவுன் மட்டும், இரண்டு கையும் முழுசாக. கூடவே அவர் குரல்: "முன்னாடியெல்லாம் நான் ஒரு புள்ளி வெக்கறதுக்குள்ள நீங்க அஞ்சாவதுக்குப் போயிடுவீங்கக்கா. கேக்க நல்லா இருக்கும், ஆனா கை வராது. இன்னைக்குத்தான் கை வந்துச்சு."

இந்தக் குரலை முதலில் கேட்டிருக்க வேண்டியவர் நீங்கள். முகம் தெரியாத ஒருவர் கேட்டுவிட்டார். அதற்கும் சேர்த்துக் கோபித்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் அழைக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அழையுங்கள் என்று சொல்லவும் இன்னும் தைரியம் வரவில்லை. படித்துவிட்டு இரண்டு வரி போடுங்கள், கட்டைவிரல் வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி


ஞாயிறு, மாலை

பதில் எழுதத் தெரியாத என் அன்பானவருக்கு,

"லெட்டர் வந்துச்சு. படிச்சேன்" என்ற உங்கள் பதில் வந்தது. வேண்டாம் என்றதால் கட்டைவிரலையும் போடவில்லை, சொன்ன பேச்சைக் கேட்டதற்கு நன்றி. அதற்குப் பிறகு ஒரு வாரமாக ஒன்றும் இல்லை. போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். அடித்ததெல்லாம் உங்கள் தங்கைதான். எடுத்தால், "நீங்க பேசாதீங்க அண்ணி, நான் பேசறேன், கேளுங்க" என்று ஆரம்பித்துவிடுவாள்.

பழைய பாடத்தை, அதாவது அந்த இரவல் குரல் பேசிய பாடத்தை, எடுத்துவிட்டேன். அதே பாடத்தை என் வாயாலேயே சொல்லி மறுபடி வெளியிட்டேன். வழக்கம்போலப் படுக்கையறையில்தான். எதிரொலி வராமல் இருக்கத் துணி அலமாரியைத் திறந்து வைத்து, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்க உட்கார்ந்தேன். முன்பெல்லாம் மேல் வீட்டில் நாற்காலி இழுத்தால்தான் நிறுத்துவேன். இப்போது நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்துகிறேன். மூச்சுச் சத்தத்தையெல்லாம் வெட்டி எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். வெட்டினால் பழைய ஓட்டம் வந்துவிடுகிறது. யார் அந்த இடைவெளியில் மவுஸைத் தேடிக்கொண்டிருக்கிறார்களோ என்று அப்படியே விட்டுவிட்டேன்.

தொடக்கத்தில் ஒன்றே ஒன்று சொன்னேன். போன பாடத்தில் பேசியது கம்ப்யூட்டர், இது நான், இனி இப்படித்தான் இருக்கும் என்று. சொல்லி முடிக்க மூன்று மூச்சு பிடித்தது.

என்ன நடந்தது என்று கேட்பீர்கள். பாதிப் பேர் போய்விட்டார்கள். "ஆடியோ சரியில்ல, மைக்க மாத்துங்க" என்று ஒருவர். மைக் போன மாதம் வாங்கியது! "பழைய டீச்சரக்காவக் கூட்டிட்டு வாங்க" என்று இன்னொருவர். எங்கே போய்க் கூட்டி வருவது? ஒருவர் எழுதியதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அன்றைக்கு முழுக்க வேலையே ஓடவில்லை. உங்கள் தங்கை அதைப் படித்துவிட்டு, அந்த ஆளோடு எழுத்திலேயே மல்லுக்கு நின்றாள். அவளைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பது பெரிய பாடாகிவிட்டது. கத்தவும் முடியாது, கையைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டியிருந்தது.

போகாதவர்களும் இருக்கிறார்கள். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், வெகுநாளாகப் பார்க்கிறவராம், இதுவரை ஒரு வார்த்தை எழுதியதில்லை. "அம்மா, முன்பு உங்கள் வீடியோவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுத்தான் பார்ப்பேன். தண்ணி போட்டவர் பாடம் நடத்துவதுபோல் இருக்கும். இப்போது அந்த வேலை மிச்சம்" என்று எழுதியிருந்தார். படித்துவிட்டுச் சிரித்தேன். என் சிரிப்புக்கு இப்போது சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்குகிறது. பார்க்க அழுவதுபோல இருக்கும் என்று உங்கள் தங்கை சொல்கிறாள். தையல்காரம்மா ஊதா நிறத்தில் ஒரு கவுனை அவரே தனியாக வெட்டி அனுப்பியிருந்தார். ஒரு ஓரத்தில் கொஞ்சம் பிசிறு. சொல்லவில்லை. அடுத்த பாடத்தில் எல்லோருக்கும் சொல்வதுபோலச் சொல்லிவிடலாம்.

எல்லாம் ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் கேட்பது டீச்சரக்காவை. பாடம் முடிந்து திரையை அணைத்ததும் அவர்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அதுதானே முறை? அதற்குப் பிறகு இங்கே நானும் குழாயும்தான். குழாயையும் நேற்று ஆள் வந்து சரிசெய்துவிட்டான்.

நீங்கள் உங்கள் தங்கையை அழைத்துப் பேசினீர்களாம். என்னிடம் சொல்லாதே என்று சொன்னீர்களாம். அவளிடமா? பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே வந்து சொல்லிவிட்டாள். "எப்படிப் பேசறா? கேட்டா எப்படி இருக்கு?" என்று கேட்டீர்களாமே. "நீயே கேட்டுக்கோ அண்ணா" என்றாளாம். அதற்கு நீங்கள், "எனக்கு என்ன பேசறதுன்னு தெரியல" என்றீர்களாம்.

அதைக் கேட்டு நான் அழுதேன் என்று அவள் சொல்லியிருப்பாள். அது சிரிப்பு. சரி, இரண்டும்தான்.

இனி நான் வேண்டாம் என்று நினைத்துவிட்டீர்களோ என்று எவ்வளவு பயந்திருந்தேன் தெரியுமா! என்ன பேசுவது என்று தெரியாததுதான் காரணமா? கல்யாணம் ஆன நாளிலிருந்து போனில் பேசியதெல்லாம் நான்தானே. நீங்கள் "ம்" போடுவீர்கள். தூக்கத்தில் ஒரு "ம்", சாப்பிட்டுக்கொண்டே ஒரு "ம்", கோபத்தில் ஒரு "ம்", எனக்கு எல்லாம் பிரித்துத் தெரியும். இனி அந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் பேசுங்கள். பழக்கமில்லாதவருக்கு முதலில் எல்லாமே கஷ்டம்தான். நான் ஆரம்பப் பாடம் எடுப்பவள், எனக்குத் தெரியாதா?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். அந்த அறையில் யார் குறட்டை விடுகிறார்கள், சொல்லுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும்? ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும்? முதுகு வலித்தால் யாரிடம் தைலம் தேய்க்கச் சொல்கிறீர்கள்? இத்தனை நாள் நானே பேசிக்கொண்டிருந்ததில் இதில் ஒன்றைக்கூட உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. நிறுத்தி நிறுத்தியே சொல்லுங்கள். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் அழையுங்கள். வேலை முடித்து, கைகால் கழுவி, சாப்பிட்டபிறகு அழைத்தால் போதும். வெறும் வயிற்றோடு வேண்டாம். நான் எடுத்ததும் முதலில் பேச்சு வராது, காற்றுதான் வரும். லைன் கெட்டுப்போச்சு என்று வைத்துவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் காற்று நான்தான்.

நீங்கள் நலமாக இருக்க வேண்டும், நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும்.

உங்கள்
வீட்டுக்காரி